கட்டை இலக்கணம்: ஏற்காட்டு மூடுபனியை முன்வைத்து

கட்டை இருவகைப்படும்: பாடகரின் சுருதிக்கு அளவாவது ஒன்று, டார்ச் லைட்டுக்குள் போவது மற்றொன்று. முன்னது இங்கே ஆய்வுக்குரியதன்று. ஆயினும் கட்டை கூடினால் மதிப்பும் கூடும் என்ற நம்பிக்கை இரண்டுக்கும் பொது. இரண்டு கட்டை லைட்டுக்காரரை மூன்று கட்டைக்காரர் இளக்காரமாகப் பார்த்ததும், ஐந்து கட்டைக்காரர் முன் இருவரும் அடங்கிப்போனதும் நம் ஊர்ப்புறத்துச் சமூக வரலாறு. அது ஒன்றரை வோல்ட் காலம். இப்போது எல்இடி டார்ச்சுக்குள் ஒற்றை லித்தியம் கட்டை குடியேறிவிட்டது. குறுக்களவு 18 மில்லிமீட்டர், நீளம் 65; 18650 என்ற பெயரே அந்த அளவுதான், கடைசிப் பூஜ்யம் உருளை என்பதற்கு அடையாளம். எண்ணிக்கையில் காட்ட முடியாத பெருமையை இனி ஆம்பியரில்தான் காட்டியாக வேண்டும். 15 ஆம்பியர் தரும் கட்டையைத் தேடி வாங்கிக்கொண்டு சேர்வராயன் மலை ஏறுபவர் இரவில் என்ன காண்பார்? மூடுபனியைக் காண்பார், அதுவும் முன்னைவிட வெள்ளையாக, என்பது நம் துணிபு.

என்னை? மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நுண்திவலைக் கூட்டம். டார்ச் வெளிச்சம் பாதையைத் தொடுமுன்பே அதில் பட்டுக் கண்ணுக்குத் திரும்பிவிடுகிறது. வெளிச்சத்தை நான்கு மடங்காக்கினால் பாதையும் நான்கு மடங்கு பளிச்சிடும், பனியும் நான்கு மடங்கு பளிச்சிடும். சம்பளமும் விலைவாசியும் சேர்ந்து ஏறிய வீட்டைப்போல நிலைமை இருந்த இடத்திலேயே இருக்கும். ஐயமுள்ளவர் ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் போய் நிற்கலாம். தெளிந்த இரவில் சேலம் நகரமே கீழே விளக்குக் குவியலாகத் தெரியும்; பனி இறங்கினால் அவ்வளவு மின்சாரமும் ஒன்றுகூடியும் ஒரு தெருவைக்கூடக் காட்டித்தர முடிவதில்லை. ஆகவே பனியில் பயன்படுவது, கண்ணுக்கு நேரே உள்ள திவலைகளில் ஒளி படாதபடி விளக்கைக் கண்ணிலிருந்து விலக்குவது. வாகனங்களில் மூடுபனி விளக்கைத் தாழ வைப்பதும் இதனால்தான். நெற்றியில் கட்டும் விளக்கு இவ்விடத்தில் கடைநிலைப்பட்டது; தொங்கவிட்ட கையில் முழங்காலுக்கருகே பிடித்த டார்ச் தலையாயது. கையின் நீளம் ஆம்பியரைவிட உயர்ந்தது என்று இதிலிருந்து பெறப்படும். செலவுக் கணக்கும் நம் பக்கமே. உள்மின்தடை 0.05 ஓம் உள்ள கட்டையில் 1 ஆம்பியர் ஓடினால் உள்ளே வீணாவது 0.05 வாட், 15 ஆம்பியர் ஓடினால் 11 வாட்டுக்கு மேல். கரண்டு 15 மடங்கு ஏறச் சூடு 225 மடங்கு ஏறுகிறது. 3000 மில்லிஆம்பியர்-மணிக் கட்டை முன்னதற்கு மூன்று மணி நேரம் உழைக்கும், பின்னதற்கு ஏட்டுக் கணக்கிலேயே 12 நிமிடம்தான். கை சூடு பொறுக்காமல் டார்ச்சை மாற்றி மாற்றிப் பிடிப்பதைக் குளிர்காய்தல் என்று கொள்வாருக்கு நாம் மறுப்புரைக்கவில்லை.

அற்றேல், மஞ்சள் ஒளி பனியைத் துளைக்குமே எனின், துளைக்காது. திவலைகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரேபோல் சிதறடிப்பவை. பனி வெள்ளையாக இருப்பதே சாட்சி. கடைக்காரர் 9900 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சடித்த கட்டையைக் காட்டுகிறாரே எனின், அது உழக்கில் படி நெல்லை அளக்கும் வித்தை; அந்த அளவுக் கட்டையில் நல்லது 3500-ஐ ஒட்டித்தான் கொள்ளும். காப்பித் தோட்டத்தில் காட்டெருமை நின்றால் என் செய்வது என்பதே வலுவான தடை. இதற்கு நாம் பாதி இறங்கி வருகிறோம். பனியற்ற இரவில் இருமடங்கு தூரம் பார்க்க நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும். உள்மின்தடை குறைந்த, கரண்டை அள்ளித்தரும் கட்டைக்கு அப்போது வேலை உண்டு, சில நொடிகளுக்கு. ஆனால் காட்டெருமையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியை வந்த வழியே திருப்பியனுப்பும் படலம் இருப்பதால், சிறு வெளிச்சத்துக்கே அதன் கண் மின்னிவிடும். இந்த ஒன்றுக்கு மட்டும் டார்ச்சைக் கண்ணருகே உயர்த்திப் பிடிக்க வேண்டும். அப்போது மறு கையிலுள்ள குடையை என்ன செய்வது என்பது தனிப் படலத்தில் ஆராயத்தக்கது.