ஜூலை 18-ம் ஒரு ரசீதுப் புத்தகமும்

சொந்த நாட்டு தினத்தை அசலூரில் கொண்டாடுவது அமெரிக்கர்களுக்கே கொல்கத்தாவில் கொஞ்சம் சங்கடம்தான். அவர்களுடைய துணைத் தூதரகம் இருக்கும் தெரு பழைய ஹாரிங்டன் தெரு. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது இந்த ஊர்க்காரர்கள் அதற்கு ஹோ சி மின் சரணி என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஜூலை 4-ம் தேதி விருந்துக்கு அழைப்பு அடித்தால் முகவரியில் யார் பெயர் வரும், நீங்களே பாருங்கள். ஆனாலும் அவர்களுக்கு ஒரு நிம்மதி உண்டு. தேதியில் தகராறு கிடையாது.

எனக்கு அதுவும் இல்லை. காஞ்சிபுரம், ஆரணியிலிருந்து புடவை வரவழைத்து, கரியாஹாட் கடைகளுக்குக் கொடுத்து, கமிஷனில் காலம் தள்ளுகிறவன் நான். கடை முதலாளி ஒருவர் ஒருநாள், "தாதா, உங்க தமிழ்நாட்டுக்குப் பிறந்த நாள் எப்போ?" என்று கேட்டார். என் பில் இரண்டு மாதமாக அவர் மேஜையில் கிடந்ததால் மரியாதையாகப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தது 1956 நவம்பர் 1, அதுதான் தமிழ்நாடு நாள் என்று 2019-ல் கொண்டாடினார்கள். அப்புறம் ஆட்சி மாறியது. 'தமிழ்நாடு' என்று பெயர் வைக்க அண்ணா சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தது 1967 ஜூலை 18, இனி அதுதான் என்று 2021-ல் அறிவித்தார்கள். பெயர் அமலுக்கு வந்ததோ 1969 ஜனவரி 14. மூன்றையும் கேட்டுவிட்டு அவர் பில்லைக் கீழே இருந்த ஃபைலுக்குள் செருகினார். தேதி தெரியாதவனுக்குப் பணம் எதற்கு என்று நினைத்திருக்கலாம். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் மாநிலத்திலேயே 2023-ல் கவர்னர் மாளிகை ஜூன் 20-ல் கொண்டாட, சட்டசபை வங்காளப் புத்தாண்டான பொய்லா பொய்ஷாக்தான் வங்காள தினம் என்று தீர்மானம் போட்டது.

இந்தக் கதையை எங்கள் தமிழ் வியாபாரிகள் கூட்டத்தில் சொன்னேன். காபித்தூள், அப்பளம், லாரி புக்கிங், வட்டிக்கடை என்று ஆளுக்கு ஒரு தொழில். மாதம் ஒருமுறை கூடி டிபன் சாப்பிட்டுவிட்டுக் கலைவோம். "நாமே கொண்டாடிவிடலாமே!" என்று யாரோ சொல்ல, தேதிப் பிரச்சினை எழுந்தது. அதைத் தீர்த்து வைத்தவர் சமையல்காரர். நவம்பர் 1 அன்று கேரளப் பிறவி, கன்னட ராஜ்யோத்சவம் இரண்டுக்கும் தென்னிந்தியர்கள் நிறைந்த லேக் மார்க்கெட்டிலேயே ஆர்டர் பிடித்துவிடுவாராம். ஜூலையில் சும்மாதான் இருப்பாராம். ஆகவே ஜூலை 18. அந்த நேரம் பார்த்து நான் கை கழுவப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வசூல் பொறுப்பு என்னுடையதாகியிருந்தது.

காபித்தூள்காரர் 500 ரூபாய் கொடுத்துவிட்டு, பேனரில் தன் கடைப் பெயர் அண்ணா படத்தைவிடப் பெரிதாக வருமா என்று கேட்டார். அப்பளக்காரர், "நவம்பர் 1-னா தர்றேன், ஜூலைக்கு என் கட்சி ஒத்துக்காது" என்றார். ஊரைவிட்டு வந்து முப்பது வருஷமாயிற்று, ஓட்டு இங்கேதான் போடுகிறார், கட்சி மட்டும் அங்கேயே இருக்கிறது. லாரிக்காரர் வீட்டில் விளக்கு எரிந்தது. நான் மணி அடித்ததும் அணைந்தது.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். "துர்கா பூஜை சந்தா கேட்டுப் பையன்கள் வரும்போது நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள் என் மனைவி. நான் டிவியைப் போட்டேன்.

ஆனால் அவள் சொன்னதில் ஒரு யோசனையும் இருந்தது. சந்தா வசூலில் எங்கள் தெரு கிளப் பையன்களை மிஞ்ச ஆளில்லை. போய்ச் சொன்னேன். "சிந்தா கொர்பேன் நா, தாதா" (கவலைப்படாதீங்க, அண்ணா) என்று ரசீதுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் வசூலை முடித்துவிட்டார்கள், அப்பளக்காரர் உட்பட. கட்சியைப் பற்றி அவர்களிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். பையன்கள் வைத்த நிபந்தனை இரண்டுதான். தொடக்கத்தில் ரவீந்திர சங்கீதம் பாட வேண்டும். கிளப்பின் மூத்தவர் ஒருவர் பேச வேண்டும்.

ஜூலை 18 அன்று விடியற்காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. கொல்கத்தா ஜூலையில் மழை பெய்யும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாத செய்தி போல எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவியல், வாழைப்பூ வடை, பாயசம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு லேக் மார்க்கெட்டிலிருந்து புறப்பட்ட வண்டி, தேசப்ரியா பார்க் பக்கம் முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டது என்று போன் வந்தது. ஹாலில் மணி ஒன்றரை. எங்கள் தலைவர், தமிழ்நாடு என்ற பெயருக்காக 1956 ஜூலையில் உண்ணாவிரதம் தொடங்கி அக்டோபரில் உயிரையே விட்ட சங்கரலிங்கனாரைப் பற்றிப் பேசினார். சாப்பாடு எங்கே என்று முனகிக்கொண்டிருந்த வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன. நானும் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த மௌனம் தலைவர் உட்காரும் வரை நீடித்தது.

அடுத்து கிளப்பின் மூத்தவர். சுதந்திரம் வந்த அன்றே மேற்கு வங்காளத்தின் முதல் கவர்னராக வந்த ராஜாஜி, பவ்பஜார் தெரு ஆராய்ச்சிக் கூடத்தில் உட்கார்ந்து 1928-ல் ராமன் விளைவைக் கண்டுபிடித்த சி.வி. ராமன், 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டரான ஆனந்த், 1991-ல் இரண்டாவதாக வந்த அவர்கள் ஊர் திப்யேந்து பருவா, 2024-ல் உலக சாம்பியனான குகேஷ் என்று காகிதம் இல்லாமல் பேசினார். தமிழ்நாட்டைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த நன்றியுரையில் அதற்குமேல் மிச்சம் இருந்தது, சமையல்காரருக்கு நன்றி மட்டும்தான். அவரும் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

பசிக்குக் கிளப்பே கதி. மழை பெய்தால் நம் பொங்கலைப் போன்ற கிச்சுரி வைப்பது வங்காளிகளுக்குச் சட்டம் மாதிரி. அண்டா நிறையக் கொதித்துக்கொண்டிருந்தது. பொரித்த ஹில்சா மீனை எங்களில் சைவர்களுக்காகத் தனியாக வைத்தார்கள்; அது வேகமாகக் காலியான விதத்தைப் பார்த்தால் எங்களில் சைவர்கள் குறைவு என்று தெரிந்தது. "பொங்கல்ல மிளகே இல்லையே" என்று குறை சொன்ன அப்பளக்காரர் மூன்றாவது முறை தட்டை நீட்டினார்.

கணக்கு பார்த்ததில் கொஞ்சம் பணம் மிஞ்சியது. அதை துர்கா பூஜைக்கு முன்பணமாக எடுத்துக்கொண்டு என் பெயரில் ரசீது போட்டுக் கொடுத்தார்கள். செப்டம்பரில் மீதிக்கு வந்தார்கள். விளக்கை அணைக்க எனக்கு நேரம் தரவில்லை.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கரியாஹாட் மேம்பாலத்துக்கு அடியில் சாயங்காலமானால் சதுரங்கப் பலகைகளோடு ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். விழா முடிந்த கையோடு மூத்தவர் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போய், "ஆனந்த் ஊர்க்காரர்" என்று அறிமுகம் செய்துவைத்தார். எதிரே ஒரு பள்ளிக்கூடப் பையன் உட்கார்ந்தான். குதிரை எப்படிப் போகும் என்று நான் ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கும்போதே, நாலாவது நகர்த்தலில் என் ராஜா போய்ச் சேர்ந்தார். பையன் என்னை அனுதாபத்தோடு பார்த்து, "தாதா, நீங்க கேரளாவா?" என்றான். ஆமாம் என்றேன்.

நீங்கள் ஜூலை மாதம் இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் குடை கொண்டுவாருங்கள், தமிழ்நாடு நாள் எது என்று யாராவது கேட்டால் ஒரே ஒரு தேதியை மட்டும் சொல்லுங்கள். என் பில் இன்னும் அந்த ஃபைலில்தான் இருக்கிறது.