சத்து சார்

ஹவுசிங் போர்டு குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடி எழும்பிவிட்டால், அதில் கட்டாயம் ஒரு சத்து சார் குடிவந்துவிடுவார். கண்ணகி நகர், பெரும்பாக்கம் பக்கம் இந்த இனம் செழிப்பு. பேங்கிலோ மின்வாரியத்திலோ இருந்து ஓய்வு பெற்றவர். தனக்குச் சர்க்கரை என்று ரிப்போர்ட் வந்த அன்று ஞானம் பிறந்திருக்கும். அதை ஏழைகளுக்கும் வழங்கிவிடுவதென்று, வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் சொல்லி, அவருடைய மகளிர் குழு வாட்ஸ்அப்பில் புகுந்திருப்பார்.

காலை ஐந்தரைக்கு ஒரு ரோஜா வரும். அதன் கீழே, "அன்புச் சகோதரிகளே! இரவே ஊறவைத்த பாதாம் ஆறு, அக்ரூட் இரண்டு, சியா விதை ஒரு ஸ்பூன்." அதே நேரத்தில் குழுவில் வேறொரு குரல்: "எக்கா, தண்ணி வந்துருச்சி, குடம் எடுத்துக்கினு ஓடியா!" எந்தச் செய்திக்குக் கூட்டம் ஓடியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் கினோவாவின் மகிமையைப் பதினோரு நிமிடக் குரல்பதிவாக அனுப்பினார். ஒரு அக்கா பதில் போட்டார்: "தெரியும் சார். பதினாலாவது மாடி மேடம் வூட்ல நான்தான் கழுவி வேகவெக்கிறேன். அவங்களே பாதியக் கொட்டிர்றாங்க."

சார் கெட்டவர் இல்லை. அவர் கவலைப்படுகிற விஷயமும் பொய்யில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. சோற்றோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். முருங்கைக்கீரையில் கொஞ்சம் எலுமிச்சை பிழியுங்கள். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பை விட்டுவிடாதீர்கள். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் சாருக்கு மலிவான எதிலும் நம்பிக்கை கிடையாது. சத்து என்றால் அது கப்பலில் வந்து கண்ணாடி ஜாடிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய வம்பு, 'ரேஷனில் பிளாஸ்டிக் அரிசி' வீடியோ. அதில் பிளாஸ்டிக் என்று காட்டியது, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கலக்கும் செறிவூட்டிய அரிசியைத்தான். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவிலேயே பிழிந்தெடுப்பது. பார்க்க நிறம் லேசாக வேறுபடும், அவ்வளவுதான். சார் அந்த வீடியோவைப் பரப்பிய வாரம், ரத்தசோகைக்காரர்கள் உட்கார்ந்து இரும்புச்சத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காக்கைக்குப் போட்டார்கள்.

ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி 2018-லேயே வாட்ஸ்அப் இந்தியாவில் கடிவாளம் போட்டது. சார் அசரவில்லை. எழுத்தாக வருவதையெல்லாம் காப்பியடித்து ஒட்டினார். இதில் இன்னொரு லாபம்: 'பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்ற முத்திரை விழாது. எல்லாம் அவரே யோசித்தது போல இருக்கும்.

பகுதி அங்கன்வாடி டீச்சர் ஒருநாள் நாற்பது செகண்ட் வீடியோ போட்டார். சென்டரில் கொடுக்கும் சத்துமாவில் கொழுக்கட்டை. பின்னணியில் ஒரு குழந்தை அழுகிறது, மிக்சி ஓடுகிறது, டீச்சரின் முகம் பாதிதான் தெரிகிறது. குழுவே குதித்து எழுந்தது. "டீச்சர், ஆவில எவ்ளோ நேரம்?" "எம் புள்ளைக்கு ஒரு வயசுதான், குடுக்கலாமா?" இதுவரை வாயே திறக்காதவர்களெல்லாம் கேட்டார்கள்.

சாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நடுவில் புகுந்தார்: "மாவுடன் ஆர்கானிக் நாட்டுச்சர்க்கரை நான்கு ஸ்பூன், மலைத்தேன் இரண்டு ஸ்பூன் சேர்க்கவும்."

டீச்சர் எழுதினார்: "சார், அதுல வெல்லம் ஏற்கெனவே இருக்கு. ஒரு வயசு ஆகாத புள்ளைக்குத் தேன் குடுக்கவே கூடாது."

சார் உடனே ஒரு பெரிய கும்பிடு போட்டார். ஐந்தாவது நிமிடம் டீச்சரின் வரிகளை அப்படியே எடுத்து, மேலே ஒரு ரோஜா வைத்து, கீழே தன் பெயரும் போட்டு, தான் இருக்கும் மற்ற நான்கு குழுக்களுக்கும் அனுப்பிவிட்டார்.