நிலத்தில் ஆறு பேர், நீரில் நான்கு பேர்

போன இதழில், கனடாவில் நீர்நில வண்டி ஓட்டியதைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. எனவே இந்த இதழ் முழுக்க அந்த வண்டிக்கே.

நீர்நில வண்டி என்கிறீர்களே, அது ஜீப்பா, படகா? முதலில் அதைச் சொல்லுங்கள்.
(வாசகர், ஈரோடு)

இரண்டும் இல்லை, சக்கரம் வைத்த தொட்டி. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி போன்ற கெட்டி பிளாஸ்டிக் உடல், இரு பக்கமும் நான்கு நான்காகக் குண்டு டயர்கள், உள்ளே சிறியதொரு இன்ஜின். நான் ஓட்டியது 'ஆர்கோ'. ஒன்டாரியோ மாகாணத்தின் நியூ ஹாம்பர்க் ஊர் நிறுவனம் 1967-இல் தொடங்கி இன்றுவரை இதைச் செய்துவருகிறது. ஆறு சக்கர வகையும் உண்டு. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எதுவும் கிடையாது. காற்றைக் குறைவாக அடைத்த டயரே மேடுபள்ளத்தை வாங்கிக்கொள்கிறது. ஸ்காட்லாந்தில் இதே வண்டியை 'ஆர்கோகேட்' என்பார்கள். மலைச்சரிவில் சுட்ட சிவப்பு மானைச் சேற்று நிலத்தின் வழியே கீழே கொண்டுவர அங்குள்ள பெரிய எஸ்டேட்டுகள் இதை வைத்திருக்கின்றன.

எனக்கு ஸ்கூட்டி மட்டும்தான் ஓட்டத் தெரியும். காரில் கை வைத்ததே இல்லை. என்னால் முடியுமா?
(வாசகி, திருச்சி)

தாராளமாக. உண்மையில் தடுமாறுவது கார் ஓட்டிப் பழகியவர்கள்தான். இந்த வண்டியில் முன்சக்கரம் திரும்பாது. எல்லாச் சக்கரமும் எப்போதும் நேராகவே நிற்கும். ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பினால் இடப்பக்கச் சக்கரங்களின் வேகம் குறையும், வலப்பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும், வண்டி இடப்பக்கமாக இழுபட்டுத் திரும்பும். ராணுவ டாங்கி திரும்புவதும் இப்படித்தான். கார்க்காரர் வளைவு வந்தால் ஆக்சிலேட்டர் விசையை விட்டுவிடுவார். இதில் விட்டால் வண்டி வளைவிலேயே நின்றுபோகும், ஏனென்றால் திரும்புவதற்கு இன்ஜினின் பலம் வேண்டும். உங்களுக்கு மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை. அது பெரிய லாபம். ஆனால் ஓட்டுநர் உரிமமும் வயது வரம்பும் இடத்துக்கு இடம் மாறும். பணம் கட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் எப்படி நகர்கிறது? அடியில் விசிறி இருக்கிறதா?
(கல்லூரி மாணவி, காரைக்குடி)

விசிறி இல்லை. டயரில் ஆழமாக வெட்டிய பட்டைகள் துடுப்பாகின்றன. எட்டும் சுழலும்போது பட்டைகள் நீரைப் பின்னால் தள்ள, வண்டி முன்னால் போகிறது. காற்றடைத்த டயர்கள் மிதப்பதற்கும் கை கொடுக்கின்றன. வேண்டுமென்றால் பின்புறம் படகு மோட்டார் பொருத்திக்கொள்ளலாம். சுற்றுலாவுக்கு அது தேவையில்லை.

தண்ணீரில் வேகம் எவ்வளவு?
(வாசகர், ராமநாதபுரம்)

மணிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர். கரையில் நடப்பவர் உங்களோடு பேசிக்கொண்டே வரலாம்.

இன்னும் அழுத்தினால்?
(அதே வாசகர், அடுத்த அஞ்சலட்டையில்)

நுரை கூடும், வேகம் கூடாது. டயர் வெறிகொண்டு சுழன்று தண்ணீரைக் கலக்கும், அவ்வளவுதான். இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. நீரோட்டம் நம் நடையைவிட வேகமாக இருந்தால் வண்டி அதை எதிர்த்துப் போக முடியாது. காற்றும் ஓரளவு தள்ளும். ஆகவே நல்ல சுற்றுலாக்காரர்கள் ஆற்றில் இறங்குவதில்லை. குளம், சதுப்பு, அசையாத ஏரி ஓரம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வார்கள். ஓடும் ஆற்றில் உங்களை இறக்குகிறேன் என்று ஒருவர் சொன்னால், உங்கள் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

நடுக்குளத்தில் இன்ஜின் நின்றுபோனால் என்ன ஆகும்? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.
(வாசகர், திருநெல்வேலி)

நின்றால் மிதக்கும். வழிகாட்டி கயிறு வீசி இழுத்துக்கொள்வார். நடுக்குளத்தைப் பற்றிய பயத்தை எடுத்துக் கரையில் வையுங்கள். கவனம் வேண்டியது அங்கேதான். இந்த வண்டியின் வித்தை முழுவதும் நிலமும் நீரும் சேரும் அந்த நான்கைந்து அடிக்குள் அடங்கிவிடுகிறது.

இறங்குவதைப் பாருங்கள். முன்சக்கரங்கள் நீரில், பின்சக்கரங்கள் இன்னும் மேட்டில். மூக்கு தாழ்ந்திருக்கும். அந்த நேரத்தில் அவசரப்பட்டால் எழும் அலை முன்பக்கத்தைத் தாண்டி மடிமேல் வந்து விழும். கோணலாக இறங்கினால் ஒரு பக்கம் மிதக்கத் தொடங்கும், மறுபக்கம் தரையைப் பிடித்திருக்கும், வண்டி சாயும். ஆகவே சரிவு மென்மையாக இருக்கும் இடத்தில், கரைக்கு நேர்குத்தாக, ஊர்ந்து இறங்க வேண்டும். தண்ணீர் வண்டியைத் தூக்குவதை உடம்பால் உணர முடியும். சக்கரத்தின் கடகடப்பு சட்டென்று அடங்கிவிடும். அதற்குப் பிறகு திருப்பலாம்.

ஏறுவது இன்னும் கடினம். முன்சக்கரம் மண்ணைப் பிடித்து மூக்கு உயரும்போது பின்பக்கம் நீரில் அமிழும். கரை செங்குத்தாக இருந்து, பின்னால் உட்கார்ந்தவர்கள் பயத்தில் இன்னும் பின்னால் சாய்ந்தால், தண்ணீர் பின்வழியாக உள்ளே வரும். எல்லாரும் முன்னோக்கிச் சாய்ந்து உட்கார வேண்டும், யாரும் எழுந்து நிற்கக் கூடாது. முதல் முயற்சியில் ஏறவில்லையா? பின்வாங்கி வேறு இடம் பாருங்கள். அதே இடத்தில் முரட்டுத்தனமாக உறும விட்டால் கரை குழிந்துபோகும், அடுத்து வருபவருக்கும் வழி இருக்காது.

நானேதான் ஓட்டப் போகிறேன் என்றால் வழிகாட்டி எதற்கு? அவருக்கும் சேர்த்தல்லவா காசு வாங்குகிறார்கள்!
(வாசகர், சேலம்)

அவருக்குத்தான் காசு. வண்டியை ஓட்ட உங்களுக்குக் கால் மணியில் வந்துவிடும், குளத்தின் அடி வராது. ஒன்டாரியோ காடுகளில் பல குளங்களைக் கட்டியது பீவர் என்ற விலங்கு. மரத்தைப் பல்லால் கொறித்துச் சாய்த்து, ஓடையை மறித்து அணை கட்டிவிடும். அணைக்குப் பின்னால் காடு மூழ்கிப் பட்டுப்போகும். மேலே பார்த்தால் பளிங்கு, கீழே அடிமரக் கட்டைகள். ஒரு கட்டை வண்டியின் வயிற்றைத் தாங்கிவிட்டால் எட்டுச் சக்கரமும் வெறும் நீரில் சுழலும். எந்தக் கட்டை எங்கே இருக்கிறது, நேற்றைய மழைக்குப் பின் எந்தக் கரை இளகியிருக்கிறது என்பதெல்லாம் அந்த மனிதரின் தலையில் இருக்கிறது. அவர் முதலில் இறங்கி, மறுகரை ஏறி, கையைக் காட்டிய பிறகுதான் அடுத்த வண்டி நகர வேண்டும். அவர் போன தடத்திலேயே போங்கள். புதிய தடம் கண்டுபிடிக்கும் ஆசையை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்திலயிருந்து மாமாவும் மாமியும் வருகினம். நாங்கள் நாலு பேர். ஆறு பேரும் ஒரே வண்டியில ஏறலாமோ?
(வாசகி, ஸ்கார்பரோ)

எட்டுச் சக்கர ஆர்கோ பலவற்றில் விதி இதுதான்: நிலத்தில் ஆறு பேர், நீரில் நான்கு பேர். தரையில் ஆறு பேரைச் சுமக்கிற வண்டி, தண்ணீரில் அதே ஆறு பேரோடு விளிம்புவரை அமிழ்ந்துவிடும். இரண்டு வண்டியாகப் பிரிந்து போங்கள். எடை கூடியவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாமிக்கு முதுகுவலி, மூட்டுவலி இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். தண்ணீரில் சுகமாக இருக்கும், காட்டுப்பாதையில் வண்டி எலும்பை எண்ணும். அவ கரையில் நின்று கையசைப்பதிலும் ஒரு குறைவும் இல்லை.

மிதவைச் சட்டை கட்டாயமா? நான் பள்ளியில் நீச்சல் சாம்பியன்.
(வாசகர், கடலூர்)

கட்டாயம். கொக்கி மாட்டி, இறுக்கி. சாம்பியனின் தலை ஒரு கட்டையில் மோதினால் நீந்தப்போவது அந்தச் சட்டைதான்.

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சட்டை மட்டும் போதாது. 1999 மே 1 அன்று அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், ஹாமில்டன் ஏரியில், போர்க்காலத்து 'டக்' நீர்நில லாரி ஒன்று சுற்றுலாப் பயணிகளோடு மூழ்கியது. 13 பேர் இறந்தார்கள். சுழலும் தண்டு ஒன்றைச் சுற்றிய ரப்பர் உறை சரியாகப் பொருந்தாததால் தண்ணீர் உள்ளே புகுந்தது. வெளியேற முடியாமல் பலரைத் தடுத்தது தலைக்கு மேலிருந்த கூரை. கூரைகளைப் பற்றி விசாரணை வாரியம் அப்போதே எச்சரித்தது. 2018 ஜூலை 19 அன்று மிசௌரியின் டேபிள் ராக் ஏரியில் அதே வகை 'டக்' ஒன்று புயற்காற்றில் மூழ்கியது. 31 பேரில் 17 பேர் இறந்தார்கள். புயல் எச்சரிக்கை முன்பே வந்திருந்தது, கூரையும் இருந்தது.

பத்தொன்பது ஆண்டு இடைவெளியில் ஒரே பாடத்தை இரண்டு முறை உயிர் கொடுத்துப் படிக்க நேர்ந்தது எனக்கு ஆறாத கோபம். ஆகவே நீரில் இறங்கும் வண்டிக்கு மேலே திறந்த வானம் இருக்கட்டும். சீட் பெல்ட் உள்ள வண்டியானால் நீரைத் தொடும் முன் அதைப் பற்றி வழிகாட்டியிடம் கேளுங்கள். இடி கேட்டால் பயணம் ரத்து. அதைச் சொல்லத் தயங்குபவரோடு போகாதீர்கள்.

தண்ணீரில் பிரேக் பிடிக்குமா?
(எட்டாம் வகுப்பு மாணவர், தஞ்சாவூர்)

பிடிக்காது தம்பி. விசையை விட்டால் மெல்ல நிற்கும், சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றினால் சற்று விரைவில் நிற்கும். பிரேக்கை வைத்து விருந்தினர்களைக் கதிகலங்க வைத்த ஒருவர் இருந்தார். அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன். அவரிடம் நீல நிற 'ஆம்ஃபிகார்' ஒன்று இருந்தது. 1960-களில் ஜெர்மனியில் செய்த, தண்ணீரிலும் ஓடும் கார். டெக்சாஸ் பண்ணைக்கு வந்தவர்களை அதில் ஏற்றி, ஏரிச் சரிவில் இறங்கும்போது பிரேக் போய்விட்டது என்று அலறுவார். வந்தவர் குதிக்கப் பார்ப்பார், கார் மிதக்கும். அதிபருக்கு ஒரே குஷி. நாம் செய்யக் கூடாது. குதிக்கிறவருக்கு நீச்சல் தெரியுமா என்று நமக்குத் தெரியாதே.

இப்படி ஒரு வண்டியில் கடலைத் தாண்ட முடியுமா?
(வாசகர், நாகப்பட்டினம்)

ஆர்கோவில் முடியாது. ஆனால் பென் கார்லின் என்ற ஆஸ்திரேலியர் நீர்நில ஜீப்பில் உலகத்தையே சுற்றினார். 1946-இல் வங்காளத்தின் கலைகுண்டா விமானதளத்தில் போரிலிருந்து மிஞ்சிய ஃபோர்டு நீர்நில ஜீப் ஒன்றைப் பார்த்தபோது பிறந்த எண்ணம் அது. 1950-இல் மனைவி எலினோருடன் கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து அட்லாண்டிக்கில் இறங்கினார். அசோர்ஸ் தீவுகளை எட்டவே ஒரு மாதம். கடைசியில் 1958-இல் மாண்ட்ரியலில் பயணத்தை முடித்தார். வண்டியின் பெயர் 'ஹாஃப்-சேஃப்', பாதிப் பாதுகாப்பு. அது பெர்த் நகரில் கில்ட்ஃபோர்டு கிராமர் பள்ளியில் இருக்கிறது. எலினோர் அம்மாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவே இல்லை, வாந்திதான். அப்படியும் அந்தக் குறுகிய பெட்டிக்குள் அட்லாண்டிக்கைத் தாண்டினார். கார்லினின் பெயரைச் சொல்லும் இடத்திலெல்லாம் அவர் பெயரையும் சொல்ல வேண்டும்.

பொழுதுபோக்குக்காகக் காட்டையும் சதுப்பையும் உழுதுவிட்டு வருகிறீர்கள். மனசாட்சி உறுத்தவில்லையா?
(வாசகி, கோத்தகிரி)

நியாயமான கேள்வி. வண்டி விற்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: எடை எட்டு டயருக்குப் பரவுவதால் நிலத்தின்மேல் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 2 பவுண்டுதான், மனிதப் பாதம் இதைவிட அதிகம் அழுத்துகிறது. கணக்கு சரி. நேராகப் போகும்வரை சரி. இந்த வண்டி திரும்புவது டயரைப் பக்கவாட்டில் தேய்த்து. அந்தத் தேய்ப்பில் பாசி கிழிகிறது. பாசி மக்கிச் சேர்ந்த பீட் சதுப்பு, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். ஒரு சாண் ஆழத்துக்குக் கிழித்தால் இரண்டு நூற்றாண்டு போயிற்று.

எனவே எனக்குச் சில நிபந்தனைகள் உண்டு. ஒரே நிரந்தரத் தடத்தில் அழைத்துப்போக வேண்டும், திருப்பம் அகலமாக இருக்க வேண்டும், நின்ற இடத்தில் வட்டமடித்துக் காட்டக் கூடாது, பறவைகள் கூடு கட்டும் காலத்தில் நாணல் பக்கம் போகக் கூடாது. இதற்கு ஒப்பாத இடத்தில் நான் ஏற மாட்டேன், நீங்களும் ஏற வேண்டாம்.

இந்தியாவில் இந்த மாதிரி வண்டி இருக்கிறதா?
(வாசகர், கோயம்புத்தூர்)

ராணுவத்திடம் இருக்கிறது. 'ஏட்டர் என்1200' என்று பெயர். 2024 குடியரசு நாள் அணிவகுப்பில் கடமைப் பாதையில் உருண்டு போனதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நான்கே சக்கரம், ஒவ்வொன்றும் ராட்சத அளவு. இன்ஜின் புகையைக் கொண்டே டயருக்குக் காற்றேற்றும் ஏற்பாடு. ரஷ்யாவில் உருவான 'ஷெர்ப்' வண்டியின் வழியில் வந்தது. 2025 ஆகஸ்டில் அமிர்தசரஸ் பகுதி வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட மக்களை மீட்க இவை இறங்கின. வெள்ளம் வரும் எல்லா மாவட்டத்திலும் இப்படி ஒன்று தயாராக நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

எந்த மாதம் போகலாம்? என்ன உடுத்தலாம்?
(வாசகி, மதுரை)

ஒன்டாரியோ என்றால் செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். மேப்பிள் இலை சிவக்கும் நேரம், கொசுவும் அடங்கியிருக்கும். மே பிற்பாதியும் ஜூனும் வேண்டவே வேண்டாம், கருப்பு ஈக்கள் காதோரம் கடித்து ரத்தம் எடுக்கும். உடை: சீக்கிரம் உலரும் பேன்ட், கணுக்காலை மூடும் ஷூ, மாற்றுத் துணி ஒரு செட். துப்பட்டா, தொங்கும் கயிறு எதுவும் வேண்டாம். போனை நீர் புகாத பையில் போட்டுக் கழுத்தோடு மாட்டாமல் சட்டைக்குள் வையுங்கள்.

லாரி பட்டறை வைத்திருக்கிறேன். தண்ணீரில் முங்கி எழுந்த செயினும் பேரிங்கும் என்னத்துக்கு ஆகும்?
(வாசகர், நாமக்கல்)

தொழில்காரர் கேள்வி! ஆர்கோவில் சக்கரங்களுக்கு விசை போவது செயின் வழியாக, அந்தச் செயின்கள் தொட்டிக்கு உள்ளேயே இருக்கின்றன. தண்ணீரோடு மோதுவது அச்சு வெளியே வரும் இடத்திலுள்ள பேரிங்கும் சீலும். நீரில் இறங்கிய வண்டிக்கு அங்கே கிரீஸ் அடித்தே ஆக வேண்டும். தொட்டியின் அடியில் வடிகால் மூடி உண்டு. புறப்படும் முன் அது இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், திரும்பியதும் திறந்துவிட வேண்டும். பயணம் முடிந்து மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் பின்னால் போய் நில்லுங்கள். மூடியைத் திறந்ததும் நாலு குவளை தண்ணீர் வந்தால் தெறித்து விழுந்தது. குடம் குடமாகக் கொட்டினால் ஏதோ ஒரு சீல் போய்விட்டது. அடுத்த குழு ஏறுவதற்கு முன் வழிகாட்டியைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.