கறுப்புத் திரைக்காரர்கள் சிரிக்கிறார்கள்

கேள்வி: அலுவலகத்தில் எல்லோரும் கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’டைப் பயன்படுத்துகிறார்கள். நான் மவுஸால் கிளிக் செய்து வேலையை முடித்தால் சிரிக்கிறார்கள். வெட்கப்பட வேண்டுமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, ஆலுவா.

பதில்: எதற்கு? லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுத ஆரம்பித்தார். அந்த வருஷமே அதற்குப் படம் காட்டும் ‘கிட்கே’ வந்துவிட்டது. எழுதிய பால் மெக்கராஸ், லினக்ஸ் கெர்னலிலேயே கைவைத்த ஆசாமி. அவருக்கே படம் தேவைப்பட்டிருக்கிறது!

சிவராத்திரிக்குப் பெரியாற்று மணப்புறத்தில் முன்னோருக்குப் பலியிடும் கூட்டம் பார்த்திருப்பீர்கள். கிட்டும் முன்னோரை மறக்காத ஜாதிதான். ‘கமிட்’ எனப்படும் ஒவ்வொரு பதிவும் தன் பெற்றோரின் அடையாள எண்ணைச் சுமந்து திரியும். இரு கிளைகள் இணைந்தால் பெற்றோர் இருவர். முதல் கமிட் மட்டும் சுயம்பு. இந்த வம்சாவளியை வண்ணக் கோடுகளாகப் பார்ப்பவருக்குச் சட்டென்று புரியும். கட்டளைக்காரர் மனசுக்குள் வரைந்துகொள்ள வேண்டும். (அவர்களும் ரகசியமாக ‘லாக்’ கட்டளையோடு ‘கிராஃப்’ சேர்த்து, நட்சத்திரக் குறியால் கோலம் போட்டுப் பார்ப்பதுண்டு.)

ஒரு கோப்பில் பாதி வரிகளை மட்டும் கமிட் செய்யவும் மவுஸ்தான் சௌகரியம்.

ஆனால் ஒன்று. கமிட்டுகளை வேறோர் அடித்தளத்தின் மேல் மாற்றி அடுக்கும் ‘ரீபேஸ்’ நடுவழியில் நின்றால் பொத்தான்கள் கைவிட்டுவிடலாம். அந்த நேரத்துக்காக ‘ரெஃப்லாக்’ கட்டளையை மட்டுமாவது கற்றுவையுங்கள். எந்தக் கிளையிலும் சேராமல் தொலைந்த கமிட்டின் தடத்தைக்கூட அது வழக்கமாக 30 நாள் வைத்திருக்கும்.