சுறாவுக்கு மந்திரம், மன்னருக்குப் பங்கு

கேள்வி: முத்து விளைவது கடலில். மூச்சடக்கி மூழ்கி எடுப்பவர் மனிதர். நடுவில் அரசாங்கம் எதற்கு? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: பங்கு கேட்கத்தான்! 13-ஆம் நூற்றாண்டுக் கணக்கை மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்: முத்தில் பத்தில் ஒன்று மன்னருக்கு, இருபதில் ஒன்று, மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவருக்கு. இருவரும் விற்றது ஒரே சரக்கு, பாதுகாப்பு. கடலுக்குள் இருந்த சுறாவைச் சமாளித்தவருக்குப் பாதிக் கூலிதான் என்பதையும் கவனியுங்கள்.

1530-களில் முத்துக்குளித்துறையில் தகராறு முற்றியபோது, முத்துக்குளிக்கும் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டுப் போனார்கள், மதமும் மாறினார்கள். 'பயம் போக வேண்டுமா, அதிகாரத்தை ஒருவரிடம் கொடு' என்று தத்துவஞானி ஹாப்ஸ் இங்கிலாந்தில் புத்தகம் போட்டது 1651-ல்தான். நம் கரைக்காரர்கள் நூறு வருஷம் முந்திவிட்டார்கள். ராயல்டிதான் வரவில்லை.

பிறகு வந்த டச்சுக்காரர்களும் முத்தை விடவில்லை. வெள்ளைக்கார சர்க்காரோ சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கையே எடுத்துக்கொண்டது. கொள்ளைதான். ஆனாலும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். சிப்பி முதிரச் சில வருஷம் ஆகும். ஆளாளுக்கு இறங்கினால் 'நான் விட்டால் அடுத்தவன் எடுப்பான்' என்று பிஞ்சையும் அள்ளுவார்கள். அதனால் சர்க்கார் ஆட்கள் முத்துப் பார்களை (கடலடிச் சிப்பிப் படுகைகளை) சோதித்துத் தேதி அறிவித்த பிறகே குளிப்பு. அந்த வேலையை மந்திரக்காரரால் செய்ய முடியாது.

கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். அதன்பின் சிப்பிகள் எந்த அரசாங்கத்தோடும் ஒத்துழைக்கவில்லை.