திணிவே இல்லாதவனுக்கு உந்தமா?

கேள்வி: போட்டனுக்குத் திணிவு பூச்சியம். உந்தம் என்றால் திணிவு தர வேகம். பெருக்கினால் பூச்சியம்தானே வர வேண்டும், சேர்? – உயர்தர மாணவி, வெள்ளவத்தை

பதில்: அந்தச் சூத்திரம் கிரிக்கெட் பந்துக்கும் நூறாம் நம்பர் பஸ்ஸுக்கும் சரி, தங்கச்சி. ஒளியிடம் அதை நீட்டினால் செல்லாது. ஐன்ஸ்டைன் தந்த முழுச் சமன்பாட்டில் சக்தியின் வர்க்கத்துக்கு இரண்டு பங்காளிகள்: ஒன்று உந்தம், மற்றது திணிவு. போட்டனிடம் திணிவுப் பங்கு இல்லை. சொத்து முழுவதும் உந்தத்துக்கே போகிறது. ஆகவே சக்தியை ஒளிவேகத்தால் வகுத்தால் உந்தம். இவ்வளவுதான், இதற்கு டியூஷன் காசு வேண்டாம்.

பச்சை ஒளிப் போட்டன் ஒன்றின் சக்தி ஏறத்தாழ 4×10⁻¹⁹ யூல். 3×10⁸ ஆல் வகுத்தால் 1.3×10⁻²⁷ கிலோகிராம் மீற்றர்/செக்கன். இயக்கசக்திச் சூத்திரத்தில் திணிவுக்குப் பூச்சியத்தைப் போட்டு இதை எடுக்கப் பார்ப்பவர்களும் உண்டு. கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

வெள்ளவத்தைக் கடற்கரையில் உச்சி வெயில் சதுர மீற்றருக்குச் சுமார் 1000 வாற்று. அது முழுவதும் உறிஞ்சப்பட்டால் தள்ளுவிசை 0.0000033 நியூட்டன், ஒரு மில்லிகிராமின் மூன்றிலொரு பங்கு எடை. கண்ணாடி வைத்துத் திருப்பி அனுப்பினால் இரட்டிப்பு. இந்தத் தள்ளலை மொஸ்கோவில் லெபடேவ் 1901இல் அளந்தே காட்டிவிட்டார். 2010இல் ஜப்பானின் இக்காரொஸ் விண்கலம் மெல்லிய பாயை விரித்து, வெயில் தள்ளத் தள்ள விண்வெளியில் போனது.

காலி வீதி நெரிசலில் பஸ் நகராவிட்டால் மட்டும் வெயிலை நம்பாதீர்கள்.