கேட்டால் காரமாய்ச் சொல்வேன்!

மார்கழி ஸ்பெஷல் கேள்வி-பதில்

கேள்வி: சுக்கு காபிக்குக் காபித்தூள் எத்தனை ஸ்பூன் போட வேண்டும்?
– புது மாப்பிள்ளை, மதுரை

பதில்: ஒரு ஸ்பூனும் வேண்டாம், மாப்பிள்ளை! ஒரு பங்கு சுக்குக்கு இரண்டு பங்கு தனியா, ஒரு ஸ்பூன் மிளகு, நாலு ஏலக்காய், அவ்வளவுதான். தனியாவை வெறும் வாணலியில் வாசம் வர வறுத்துக்கொள்ளுங்கள். சுக்கைத் தோல் சீவி, உரலில் நாலு தட்டு தட்டிவிட்டுத்தான் மிக்ஸியில் போட வேண்டும். முழுசாகப் போட்டால் பிளேடு போய்விடும். சீர்வரிசையில் வந்த மிக்ஸி என்றால் வம்பும் சேர்ந்து வரும். கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டுங்கள், அடியில் மண் நிற்கும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் விடாதீர்கள். கருப்பட்டியோடு பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகலாம். பால் இல்லாமல் குடிப்பதே சுகம்.

கேள்வி: இஞ்சி காய்ந்தால்தானே சுக்கு? இஞ்சியையே தட்டிப் போட்டால் என்ன குறைந்துவிடும்?
– சோம்பேறி வாசகர், கோவை

பதில்: காரம் குறைந்துவிடும். பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருளால் வருகிறது. இஞ்சி காயக் காய அதில் ஒரு பகுதி ஷோகாலாக மாறும். இதற்கு உறைப்பு அதிகம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் மாதிரிதான் சுக்கு: உடம்பு வற்றியிருக்கும், காரம் கூடியிருக்கும்.

கேள்வி: மிளகு ரசத்தைத் தளதளவென்று கொதிக்கவிட்டால்தான் சளி போகும் என்கிறார் என் கணவர். நிஜமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சளி போகிறதோ இல்லையோ, வாசம் போய்விடும். மிளகு, சீரகத்தின் மணமெல்லாம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டு ரசம் தெருக்கோடி வரை மணக்கிறது என்றால், கிண்ணத்துக்கு மிச்சம் கொஞ்சம்தான். புளித்தண்ணீர் மட்டும் பச்சை வாசனை போகக் கொதிக்கட்டும். பிறகு ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு, சீரகம், பூண்டைப் போடுங்கள். பாத்திரத்தின் விளிம்பில் நுரை கட்டும். அது நடுவில் வந்து கூடும் நேரம், பொங்குவதற்குள் இறக்கிவிட வேண்டும். தாளிப்பு நெய்யில்தான். மிளகுக்குக் காரம் தரும் பைப்பரின் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் கரையும். இனி உங்கள் கணவர் கையில் கரண்டியைக் கொடுக்காதீர்கள். அல்லது ஒரேயடியாகக் கொடுத்துவிடுங்கள்!

கேள்வி: வெண்பொங்கலில் மிளகைப் பொறுக்கி ஓரம் கட்டுகிறான் என் மகன். என்ன செய்யலாம்?
– தாய்க்குலம், திருச்சி

பதில்: சரித்திரம் சொல்லுங்கள். கி.பி. 408-ல் ரோம் நகரை முற்றுகையிட்ட விசிகோத் மன்னர் அலாரிக், விலகிப்போகத் தங்கம், வெள்ளி, பட்டோடு 3,000 பவுண்டு மிளகும் கேட்டு வாங்கினார். ரோமுக்கு மிளகு கப்பலேறிய இடம் நம் மேற்குக் கரை. சரித்திரத்துக்கும் மசியவில்லை என்றால், மிளகை நெய்யில் பொரித்து ஒன்றிரண்டாக உடைத்துப் போடுங்கள். பொறுக்க முடியாது.

கேள்வி: மிளகில் பப்பாளி விதை கலக்கிறார்களாமே?
– சந்தேகப் பிராணி, விருதுநகர்

பதில்: ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்ல மிளகு அடியில் போய் உட்காரும், பப்பாளி விதை மிதக்கும். பொக்கு மிளகும் மிதக்கும் என்பதால், மிதப்பதை எடுத்துக் கடித்துப் பாருங்கள். காரம் தலைக்கு ஏறினால் மிளகு. கோபம் தலைக்கு ஏறினால் பப்பாளி.

கேள்வி: மூக்கடைப்புக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய கைவேலை ஏதாவது?
– தையல் தெரிந்த வாசகி, தென்காசி

பதில்: நொச்சித் தலையணை தைக்கலாமே! வேலியோர நொச்சியை ஒடித்து, காம்பு நீக்கி, நிழலில் உலர்த்துங்கள். கையில் கசக்கினால் நொறுங்க வேண்டும். ஈரம் இருந்தால் ஒரே வாரத்தில் பூசணம் பிடித்துவிடும். பருத்தித் துணியில் சின்ன உறை தைத்து, இலையை நிரப்பி, வழக்கமான தலையணை மேல் வைத்துப் படுங்கள். மணம் மங்கியதும் இலையை மாற்றினால் போதும். மூக்குக்கு இதமாக இருக்கும். பக்கத்தில் படுப்பவரின் குறட்டைக்கு நொச்சி பொறுப்பல்ல.

கேள்வி: தினமும் அதிமதுரக் கஷாயம் குடித்தால் எந்த நோயும் வராது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?
– நம்பிக்கைவாதி, சேலம்

பதில்: தொண்டை கட்டினால் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வது பாட்டி வழி. தினமும், மாதக்கணக்கில் என்றால் விஷயம் வேறு. அதிலுள்ள கிளைசிரைசின் பொட்டாசியத்தைக் குறைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். ஃபார்வர்ட் அனுப்பிய மாமா ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடியோடு வருவார், பில் கட்ட மாட்டார்.

கேள்வி: ஊரில் போகியன்று கூரையில் காப்புக் கட்டுவோம். அடுக்குமாடியில் கூரைக்கு எங்கே போவது?
– ஈரோட்டிலிருந்து சென்னைக்குக் குடிவந்தவர்

பதில்: நிலைவாசல் இருக்கிறதே! வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் ஒரு கைப்பிடியாகச் சேர்த்து நூலால் கட்டிச் செருகுங்கள். மறுநாள் பொங்கல் பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து. ஈரோட்டுக்காரருக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் முறைத்தால், ‘ஆர்கானிக் டெக்கரேஷன்’ என்று சொல்லிப் பாருங்கள். தனக்கும் ஒன்று கேட்பார்.

கேள்வி: ரம்மில் மிளகுத்தூள் போட்டுக் குடித்தால் சளி பறந்துவிடுமாமே?
– பெயர் வேண்டாம், ஊட்டி

பதில்: மது தோலடி ரத்தக் குழாய்களை விரிப்பதால் உடம்பு சூடானது போலத் தோன்றும். உண்மையில் உள்ளே இருக்கும் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். ஊட்டிக் குளிரில் அது ஆபத்து. சளி எதுவும் குடிக்காவிட்டாலும் சில நாளில் தானே போய்விடும். ரம் அப்படிப் போகாது. மிளகை ரசத்துக்கு எடுத்து வையுங்கள்.